லூபஸோடு மும்பையில்: நடையா, சைக்கிளா, நீச்சலா, ஜிம்மா?

லூபஸ் என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். அது இருப்பவர்கள் ஏரோபிக் பயிற்சி, அதாவது இதயத் துடிப்பைக் கூட்டி மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி செய்யலாமா என்ற கேள்விக்கு இன்று பதில் தெளிவாகவே இருக்கிறது. நோய் கட்டுக்குள் இருக்கும்போது செய்யலாம், செய்யவும் வேண்டும். ஐரோப்பாவின் மூட்டுவாத மருத்துவக் கூட்டமைப்பான யூலார், லூபஸுக்கு மருந்து தவிர்த்த சிகிச்சைகளுக்கென்றே 2023-ல் வெளியிட்ட பரிந்துரைகளில் உடற்பயிற்சிக்கு இடம் கொடுத்திருக்கிறது. இங்கே டாக்டர்களும் "டெய்லி கொஞ்சம் எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். அந்தக் கொஞ்சம் எது, எங்கே, எத்தனை மணிக்கு என்பதை யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை, நமக்குப் பின்னால் வரிசை கதவு வரைக்கும் நிற்கும்போது அவர்களாலும் முடியாது.

நான் லூபஸோடு வாழ்கிறவள், வீடு செம்பூரில். கீழே சொல்கிற எல்லா வழிகளையும் நானோ, என்னைப் போலவே இந்த நோயோடு மாட்டுங்காவிலும் சயானிலும் தாராவியிலும் இருக்கிற தோழிகளோ முயன்று பார்த்திருக்கிறோம். லோக்கல் ரயிலில் ஆபீஸ் போய் வந்து, சின்ன ஃப்ளாட்டில் சமைத்து, நான்கு மாத மழையையும் மிச்ச மாதங்களின் வெயிலையும் சமாளித்துக்கொண்டு எது கட்டுப்படியாகும் என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில், இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும். லூபஸில் பெரும்பாலானவர்களை வாட்டுவது அசதி. தூங்கி எழுந்தும் போகாத, வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாத அசதி. அசதியாக இருக்கிறதே என்று படுத்தால் தசை இளைக்கிறது, இதயமும் நுரையீரலும் பழக்கம் விட்டுப்போகின்றன, அப்புறம் மாடிப்படி ஏறுவதே பெரிய வேலையாகி அசதி இன்னும் கூடுகிறது. இந்தச் சுழலை உடைக்க முடியும் என்று காட்டிய ஆய்வு ஒன்று லண்டனிலிருந்து 2003-ல் வெளியானது. 93 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 12 வாரம் வீட்டிலேயே படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகும் ஏரோபிக் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு உடம்பைத் தளர்த்தும் ரிலாக்சேஷன், மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. முடிவில் பயிற்சி செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தாங்கள் நன்றாகத் தேறியிருப்பதாகச் சொன்னார்கள்; எதுவும் செய்யாத குழுவில் ஆறில் ஒருவர்தான் அப்படிச் சொன்னார். பயிற்சியால் நோய் கிளம்பிவிடவும் இல்லை.

இரண்டாவது காரணம் இதயம். 1997-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த ஆய்வு ஒன்றில், 35 முதல் 44 வயது வரையிலான லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே வயதுள்ள மற்றப் பெண்களைவிட 50 மடங்குக்கும் மேல் என்று தெரியவந்தது. அந்த வயதில் பெண்களுக்கு மாரடைப்பு அபூர்வம் என்பதால் மடங்குக் கணக்கு அப்படிப் பெரிதாகத் தெரிகிறது, பயந்து நடுங்க வேண்டாம். ஆனாலும் ரத்தக்குழாய்க்குள் ஓயாமல் இருக்கும் அழற்சியும், லூபஸுக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து ஏற்றிவிடும் பிரஷரும் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து இதயத்தைக் குறிவைக்கின்றன என்பது உண்மை. மூச்சு வாங்கும் பயிற்சி இத்தனையையும் ஒரே சமயத்தில் தொடுகிறது.

வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே என்று மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டு மாமியும் கேட்பார். அதற்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். பாத்திரம் தேய்ப்பதும் துணி பிழிவதும் விரல் மூட்டையும் மணிக்கட்டையும் இடுப்பையும் தேய்க்கின்றன, இதயத் துடிப்பைத் தொடர்ந்து பத்து நிமிடம்கூட உயர்த்தி வைப்பதில்லை. ஆபீஸ் நேர லோக்கலில் லேடீஸ் பெட்டியில் தொங்கிக்கொண்டு வருவதும் அப்படித்தான். உடம்பிலிருந்து எடுப்பதை எல்லாம் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு எதையும் கொடுப்பதில்லை. ஆகவே வீட்டு வேலையைக் கொஞ்சம் குறைத்து அந்தச் சக்தியைப் பயிற்சிக்குக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். பாயி, அதாவது வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள வசதியிருந்தால் குற்ற உணர்ச்சி இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வீட்டில் இருக்கும் ஆண்கள் பாத்திரம் கழுவட்டும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? எத்தனை கலோரி எரிகிறது என்பது நமக்குக் கடைசிக் கணக்கு. நான் பார்ப்பது மூன்று. அதில் வெயில் எவ்வளவு படும், மூட்டும் இடுப்பும் தாங்குமா, உடம்பு சரியில்லாத வாரத்திலும் அதை ஐந்து நிமிடமாவது செய்ய முடியுமா. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நல்ல வாரத்தில் எல்லாமே நடக்கும். மோசமான வாரத்தில் முற்றிலும் நின்றுபோகும் பயிற்சி, மறுபடி தொடங்கும்போது நம்மைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விடுகிறது.

நடையில் தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குக் காசு வேண்டாம், கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, நல்ல ஷூ ஒன்று போதும். பிரேசிலில் லூபஸ் பெண்களை 12 வாரம் மேற்பார்வையோடு நடக்க வைத்துப் பார்த்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுடைய தாங்கும் திறன் கூடியது, மனச்சோர்வும் குறைந்தது. ஆனால் மும்பையில் நடை என்றாலே வெயிலோடு பேரம்தான். புற ஊதாக் கதிர் தோலில் தடிப்பைக் கொண்டுவருவதோடு நிற்காது, உள்ளே இருக்கும் நோயையும் கிளப்பிவிடக்கூடும். எளிய கணக்கு ஒன்று உண்டு: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழுந்தால் அது நமக்கு வெளியே நடக்கும் நேரமில்லை. மேகத்தை நம்பாதீர்கள், மெல்லிய மேகத்தைத் தாண்டிப் பெரும்பாலான கதிர் வந்துவிடும். சூரியன் உதிப்பதை ஒட்டியோ மறைந்த பிறகோதான் நடை. எஸ்பிஎஃப் 50 சன்ஸ்க்ரீன், முழுக்கை, தொப்பி எல்லாம் அதிகாலையிலும் உண்டு, திரும்பி வருவதற்குள் வெயில் ஏறிவிடும்.

காலையா மாலையா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. ஜனவரியில் இங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு மேல், மே கடைசியில் ஆறு மணிக்கே வந்துவிடும், ஆகவே கோடையில் காலை நடை என்றால் ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். மூட்டு இறுக்கம் உள்ளவர்களுக்கு அந்த நேரத்தில் செருப்பு மாட்டுவதே கஷ்டம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காலைப் புகைமூட்டம் வேறு தரையோடு தங்கி நிற்கும். இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் இருட்டிய பிறகான நடைதான் நமக்கு நல்லது என்பது என் கட்சி. ஆபீஸிலிருந்து வந்தவுடன் வேண்டாம், அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இடம் என்று பார்த்தால், மாட்டுங்கா பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு நல்ல வழிகள். ஒன்று, தாதர் பார்சி காலனியை ஒட்டிய ஃபைவ் கார்டன்ஸ், பெரிய மரங்கள், சமமான தரை, நடுநடுவே உட்கார பெஞ்சு. இன்னொன்று, அம்பேத்கர் சாலை மேம்பாலத்துக்கு அடியிலேயே போட்டிருக்கும் நானாலால் மேத்தா தோட்டம், நர்மதை நதி வளைந்து போகிற மாதிரி பாதை போட்டிருக்கிறார்கள். தலைக்கு மேல் பாலமே கூரை என்பதால் நேர் வெயிலும் மழையும் அங்கே பெரும்பாலும் எட்டாது, லூபஸ்காரர்களுக்கென்றே கட்டியது போல இருக்கும். குறை என்னவென்றால் இரண்டு பக்கமும் வண்டிகள் ஓடுகின்றன. நுரையீரலில் லூபஸ் தொட்டவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அங்கே வேண்டாம், ஃபைவ் கார்டன்ஸே மேல். சிவாஜி பார்க்கும் மரைன் டிரைவும் அழகுதான், ஆனால் இருட்டிய பிறகு மட்டும். கடற்கரை மணலில் நடப்பதைத் தவிருங்கள், கணுக்காலும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் போக முடியாதவர்கள் உங்கள் சொசைட்டியின், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பின் ஸ்டில்ட் பார்க்கிங்கைப் பாருங்கள். தூண்கள் மேல் நிற்கும் நம் பில்டிங்குகளின் அடியில் கார்களுக்கு நடுவே நாற்பது ஐம்பது அடி நேராக நடக்க இடம் இருக்கும். பார்க்க நன்றாக இருக்காது, வாட்ச்மேன் ஒரு வாரம் விசித்திரமாகப் பார்ப்பார், ஆனாலும் நிழல், வீட்டு வாசல், கால் வலித்தால் லிஃப்ட் பக்கத்திலேயே. தனியாக வெளியே போகப் பயப்படும் புதுசாக நோய் தெரிந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நடை தோற்கும் இடம் மழைக்காலம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை ஹிந்த்மாதா, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் முழங்கால் தண்ணீர் நிற்கும் நாட்களில் அந்தத் தண்ணீரில் இறங்குவது எல்லோருக்கும் ஆபத்து, மைக்கோஃபினோலேட், அசாதையோப்ரின் மாதிரி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிற நமக்கு இரட்டிப்பு ஆபத்து. எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் வருகிறது. வேறு வழியில்லாமல் இறங்கிவிட்டால் காலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றே டாக்டருக்குப் போன் பண்ணுங்கள், தடுப்பு மாத்திரை வேண்டுமா என்று அவர் சொல்வார்.

அதனால்தான் எக்சர்சைஸ் சைக்கிளை நடைக்குத் துணையாக வைக்கிறேன். சாதாரண மாடல் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, வாங்கி இரண்டு மாதத்தில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக மாறிய சைக்கிள்கள் ஒவ்வொரு சொசைட்டியிலும் இருக்கும், கேட்டால் பாதி விலைக்குக் கொடுப்பார்கள். உட்கார்ந்து செய்வதால் முழங்காலுக்கும் பாதத்துக்கும் உடம்பின் பாரம் இறங்குவதில்லை. வெயில் இல்லை, மழை இல்லை, ஸ்டீராய்டில் ஊதிய முகத்தை யாரும் பார்த்து "என்ன இப்படி குண்டாயிட்டே" என்று கேட்கப்போவதில்லை. எல்லாவற்றையும்விட, மூன்று நிமிடத்தில் முடியவில்லை என்றால் இறங்கி இரண்டடி தள்ளிப் படுக்கை. நடைக்குப் போய்ப் பாதி வழியில் தெம்பு போனால் திரும்பி வரும் தூரம் இருக்கிறதே, அந்தப் பயம் இதில் கிடையாது. வீட்டுப் பயிற்சி வெளியே போய்ச் செய்வதற்கு மட்டம் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் லூபஸ் உள்ள 15 பெண்கள் வீட்டில் டிவி முன்னால் வீ ஃபிட் என்ற வீடியோ கேமை வைத்து வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், 10 வாரம் பயிற்சி செய்ததில் அவர்களுடைய அசதி குறைந்தது என்று 2011-ல் ஒரு சிறிய ஆய்வு வந்திருக்கிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. கைப்பிடியும் சேர்ந்து ஆடும் ஏர் பைக் விரல், தோள் மூட்டு வீங்குகிறவர்களுக்கு ஒத்துவராது. கைப்பிடி அசையாததாகவோ, முதுகுச் சாய்மானத்தோடு கால் முன்னால் நீட்டி மிதிக்கும் ரிகம்பென்ட் வகையாகவோ பாருங்கள், பின்னது இடத்தை அடைக்கும், ஆனால் இடுப்புக்குச் சுகம். சீட் உயரம், மிதி கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும் அளவில் இருக்கட்டும். அப்புறம், ஜன்னலைப் பார்த்தபடி பகலில் மிதிக்க ஆசைப்பட்டால் திரை போட்டுக்கொள்ளுங்கள். புற ஊதாவில் ஏ வகைக் கதிர் கண்ணாடி வழியாக வரும். சைக்கிளின் ஒரே பெரிய குறை அலுப்பு. பழைய பாட்டோ சீரியலோ வைத்துக்கொண்டு மிதியுங்கள். எலும்புக்கு இது அதிகம் உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டால் எலும்பு தேய்கிறவர்களுக்குக் காலில் பாரம் இறங்கும் நடைதான் நல்லது, அதனாலேயே சைக்கிளை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

நீச்சலைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. தண்ணீருக்குள் உடம்பின் பாரம் குறைவதால், தரையில் நான்கடி வைக்க அழுகிறவர்கள்கூட மார்பளவுத் தண்ணீரில் சந்தோஷமாக நடக்கிறார்கள், நீந்தத் தெரிந்திருக்கக்கூட வேண்டாம். மூட்டுக்கு இதைப்போல எதுவும் இல்லை. ஆனால் செம்பூரிலும் தாதர் சிவாஜி பார்க்கிலும் இருப்பது போன்ற மாநகராட்சிக் குளங்கள் பெரும்பாலும் திறந்த வெளியில் இருப்பவை. மேலிருந்து வெயில், தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில், கரைந்து போகும் சன்ஸ்க்ரீன். பேட்ச் நேரம் நமக்கு ஏற்ற மாதிரி கிடைக்க வேண்டும், குளத்துக்குப் போய் உடை மாற்றிக் குளித்துத் தலை துவட்டித் திரும்புவதற்குள் பயிற்சிக்குச் செலவழித்ததைவிட அதிகச் சக்தி போய்விடுகிறது. குளிர்ந்த தண்ணீரில் விரல்கள் வெளுத்து நீலமாகும் ரேனாட்ஸ் தொந்தரவு உள்ளவர்களுக்கு டிசம்பர் காலைக் குளம் வேதனை. வெள்ளை அணு குறைந்திருக்கும்போதும், தோலில் புண் இருக்கும்போதும் பொதுக்குளம் கூடாது. உங்கள் காம்ப்ளெக்ஸிலேயே கூரையுள்ள குளம் இருந்தால் இதுதான் முதல் இடம், தயங்காமல் சொல்வேன். இல்லாதவர்களுக்கு மாலை பேட்ச் கிடைத்தால் வாரம் ஒரு நாள், உபரியாக.

ஜிம்மில் ஏசி உண்டு, டிரெட்மில் உண்டு, மழையைப் பற்றிக் கவலையில்லை. தொல்லை டிரெய்னர்கள். நல்ல பிள்ளைகள்தான், ஆனால் லூபஸ் என்றால் என்னவென்று தெரியாமல் முதல் நாளே விரட்டுவார்கள். சேரும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள், வேகத்தை நான்தான் முடிவு செய்வேன் என்று. கூடவே அவர்கள் நீட்டும் பவுடர்களை வாங்காதீர்கள். சிறுநீரகத்தில் லூபஸ் உள்ளவர்கள் புரோட்டீன் பவுடரை டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, மூலிகைக் கலவை என்று வருவதில் அல்ஃபால்ஃபா இருந்தால் அது நோயைக் கிளப்பக்கூடியது. ஜிம்மில் நாலு பேர் தும்முகிற வாரத்தில் வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.

ஜும்பா வகுப்பு மனசுக்கு நல்லது, மூட்டு அமைதியாக இருக்கும் இளம்பெண்களுக்குச் சரி, குதிப்பதை விட்டுவிட்டு ஆட வேண்டும். மாடிப்படி ஏறுவதை நான் யாருக்கும் பயிற்சியாகச் சொல்வதில்லை, ஸ்டேஷன் படிகளே நமக்குப் போதும். யோகாவும் மூச்சுப் பயிற்சியும் தூக்கத்துக்கும் மனசுக்கும் வேண்டியவை, ஆனால் மெதுவாகச் செய்கிற யோகா ஏரோபிக் இடத்தை நிரப்பாது.

ஆக, என் தீர்ப்பு: இருட்டிய பிறகு சமதரையில் நடை அடிப்படையாக, மழைக்கும் மோசமான வாரத்துக்கும் வீட்டில் சைக்கிள். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், தோல் தடிப்பு அதிகமாக வருகிறவர்களும் பாதம், முழங்கால் வீங்குகிறவர்களும் சைக்கிளை எடுங்கள், எலும்பு பலவீனமும் மனச்சோர்வும் முன்னால் நிற்பவர்கள் நடையை எடுங்கள். வெளியே நாலு முகம் பார்ப்பதும் மருந்துதான்.

அளவு விஷயத்தில் விரலுக்கேத்த வீக்கம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடம் என்று சொல்வதை அசதியில் கிடக்கும் ஒருவர் முதல் வாரமே எட்டப் பார்த்தால் அடுத்த வாரம் படுக்கைதான். ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம் போதும். மறுநாள் வழக்கத்தைவிட அதிகமாக அசந்து கிடந்தாலோ, பயிற்சியால் வந்த வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ அடுத்த முறை குறையுங்கள். ஒரு வாரம் நன்றாகப் போனால் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். தெம்பாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வாரத்துக்கான நடையை ஒரே மூச்சில் நடந்து தீர்க்காதீர்கள், நம்மில் நிறையப் பேர் விழுவது அங்கேதான்.

தொடங்கும் முன் ருமட்டாலஜிஸ்ட்டிடம், அதாவது லூபஸைப் பார்க்கும் மூட்டுவாத டாக்டரிடம் கேட்க வேண்டியவை: இதயமும் நுரையீரலும் சரியா, ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் எவ்வளவு, சிறுநீரகம் அமைதியாக இருக்கிறதா, பிரஷர் கட்டுக்குள் இருக்கிறதா. பிளேட்லெட் குறைந்தவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் விழுந்துவிடாத பயிற்சியாகப் பார்க்க வேண்டும், அவர்களுக்கும் சைக்கிள்தான். காய்ச்சல், நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம், புதிதாக நுரைத்த சிறுநீர், இதில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மறுநாள் ஓ.பி.டி.க்குக் காத்திருக்க வேண்டாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு நடக்கும்போது தொடை இடுக்கில் வலி வந்தால் அதைச் சுளுக்கு என்று விடாதீர்கள். இடுப்பு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து வரும் சேதமாக இருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும், கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பரேல் கே.இ.எம்., சயான் மருத்துவமனை மாதிரி மாநகராட்சி மருத்துவமனைகளில் காட்டுகிறவர்கள் அதே கேஸ் பேப்பரில் பிசியோதெரபி பிரிவுக்கு ஒரு வரி எழுதி வாங்கிக்கொண்டால், தனியாரில் ஒரு முறைக்குக் கொடுக்கும் காசில் மிகச் சிறிய பங்குக்கு, உங்கள் மூட்டைத் தொட்டுப் பார்த்து எத்தனை நிமிடத்தில் தொடங்கலாம் என்று சொல்லித் தருவார்கள்.